இடி மழைக்குப் பிறகு ரேடியோ செட் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுது தேடும் முறை

திருநெல்வேலிப் பக்கம் இடிக்கு இரண்டு பருவம். சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் கொளுத்திவிட்டு, சாயங்காலம் மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும் கோடை மழை ஒன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழை இன்னொன்று. குற்றாலச் சாரல் மாதங்களில் தூறல்தான் அதிகம், இடி குறைவு. ஹாம் செட்டுகளும் (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிறவர்கள் வைத்திருக்கும், அனுப்பவும் கேட்கவும் கூடிய செட்) வீட்டு ரேடியோக்களும் பழுதாவது பெரும்பாலும் முன் சொன்ன இரண்டு பருவங்களில்தான்.

பழுதான செட்டோடு வருகிறவர் சொல்வதும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும்: "அண்ணாச்சி, எங்க வீட்டு மேல இடி விழல. பக்கத்துல எங்கயோ விழுந்துச்சு. செட்டு மட்டும் போயிட்டு." அவர் சொல்வது சரிதான். நேரடியாக விழுந்திருந்தால் செட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டார். ஆன்டெனா உருகி, சுவர் பிளந்து, வயரிங் முழுக்கப் போயிருக்கும். நாம் அதிகம் பார்ப்பது பக்கத்து அடியின் விளைவு. ஒரு மின்னலில் பாயும் மின்னோட்டம் சாதாரணமாகவே 30,000 ஆம்பியர் அளவுக்கு வரும். அது பாயும்போது சுற்றுவட்டாரத்தில் நீளமாகக் கிடக்கும் ஒவ்வொரு கம்பியிலும் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. மாடியிலிருந்து இறங்கும் கோஆக்ஸ் (நடுக்கம்பியைச் சுற்றி வலை போர்த்திய ஆன்டெனா கேபிள்), கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர், தெருவில் தொங்கி வரும் இன்டர்நெட் கேபிள் எல்லாமே இதில் சேர்த்தி. இவை எல்லாம் சந்திக்கும் இடம் உங்கள் மேஜை. ஒரு கம்பி வழியாக ஏறிய மின்னழுத்தம், இன்னொரு கம்பி வழியாக மண்ணுக்குப் போகப் பார்க்கும். நடுவில் செட் மாட்டிக்கொள்கிறது.

அதனால் எந்தப் பாகம் கருகியது என்பதோடு தேடலை நிறுத்திவிடாதீர்கள். எந்த வழியாக உள்ளே வந்தது, எந்த வழியாக வெளியே போனது என்பதையும் கண்டுபிடித்தாக வேண்டும். வழியை அடைக்காமல் பாகத்தை மட்டும் மாற்றினால் புதுப் பாகமும் அடுத்த ஐப்பசியில் போகும்.

ஆன் செய்வதற்கு முன்

கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் ஆகட்டும். அப்புறம் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மீட்டர் பெட்டியில் கருகல், சுவரில் புது வெடிப்பு, ஆன்டெனா பைப்பின் அடியில் சிமென்ட் சிதறல் இவற்றில் ஏதாவது இருந்தால் மெயினை ஏற்றாதீர்கள். வயர்மேன் வந்து மெக்கர் வைத்து வயரிங்கின் காப்பைச் சோதித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால், பவர் சப்ளை, செட், கணினி, ஆன்டெனா எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து ஒன்று கழற்றிவிடுங்கள். சேர்த்து வைத்துக்கொண்டு ஆன் செய்தால், பழுதான ஒன்று நல்லதாக இருக்கும் இன்னொன்றையும் கெடுத்துவிடும். ஒரு மல்டிமீட்டர், ஒரு 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டி, அனுப்பும் பவரை வெப்பமாக விழுங்க வைக்கும் சுமை), ஒரு 12 வோல்ட் பேட்டரி இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகைப் பவர் சப்ளை) பெட்டியைத் திறக்கும் எண்ணம் இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: 230 வோல்ட்டைத் திருத்தியதும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கை உருவிய பிறகும் சற்று நேரம் நிற்கும்.

விளக்கே எரியவில்லை

முதலில் பவர் சப்ளையைத் தனியாக ஆன் செய்து மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். 13.8 வோல்ட் வர வேண்டும். ஒன்றும் வரவில்லையென்றால் உள்ளே இருக்கும் கண்ணாடி ஃபியூஸைப் பாருங்கள். கம்பி நடுவில் அமைதியாக அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் லேசான மிகைச்சுமை. புது ஃபியூஸ் போட்டுப் பார்க்கலாம். கண்ணாடி உட்புறம் கறுத்தோ வெள்ளி பூசினாற்போலவோ இருந்தால் பின்னால் முழு ஷார்ட் இருக்கிறது. மிகை மின்னழுத்தத்தைத் தடுக்க வைத்த, பட்டன் போல வட்டமாக இருக்கும் எம்ஓவி வெடித்திருக்கும், அல்லது ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் போயிருக்கும். இந்த நிலையில் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் உடனே போகும். ஃபியூஸ் இல்லையென்று செம்புக் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போடும் வழக்கம் நம்மூரில் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய லீனியர் சப்ளையில் இன்னொரு ஆபத்து உண்டு. வெளிவரும் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாஸ் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டால் 13.8க்குப் பதில் 20 வோல்ட்டுக்கு மேல் வரும். அளக்காமல் செட்டை மாட்டினால் இடிக்குத் தப்பிய செட்டை நாமே கொன்றுவிடுவோம்.

சப்ளை சரியாக இருந்து செட் மட்டும் எரியவில்லையென்றால் டிசி வயரில் இருக்கும் ஃபியூஸ்களைப் பாருங்கள். ஃபியூஸ் மாற்றியதும் மறுபடி போனால், செட்டின் உள்வாயிலில் இருக்கும் பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். அது தன் வேலையைச் செய்திருக்கிறது, மாற்றுவது எளிது. இந்த அறிகுறிகள் எல்லாம் பெரும்பாலும் காட்டும் வழி கரண்ட் வயர்.

செட் ஆன் ஆகிறது, காது மட்டும் கேட்கவில்லை

அதிகம் வரும் பழுது இதுதான். அதிகம் ஏமாற்றுவதும் இதுதான்.

டிஸ்ப்ளே எரியும், ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் வரும், சிக்னல் மட்டும் இருக்காது. உடனே பலரும் மீடியம் வேவுக்குப் போய் 1197 கிலோஹெர்ட்ஸில் திருநெல்வேலி வானொலியை வைத்துப் பார்ப்பார்கள். "கேக்குதே, ரிசீவர் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு உள்ளூர் நிலையத்தைக் கேட்பது ஒரு சோதனையே இல்லை. அந்தப் பலத்துக்கு முக்கால் செவிடான செட்டிலும் கேட்கும். போதாக்குறைக்குப் பல செட்டுகளில் மீடியம் வேவுக்குத் தனி ஃபில்டர், தனி வழி.

சரியான சோதனை இது. 7 மெகாஹெர்ட்ஸுக்கு வாருங்கள். ஆன்டெனா கனெக்டரைக் கழற்றுங்கள், மறுபடி மாட்டுங்கள். நல்ல ரிசீவரில் மாட்டிய உடனே இரைச்சல் தெளிவாக ஏறும், சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரும் அசையும். அந்த அலைவரிசையில் வானத்திலிருந்து வரும் இரைச்சல் ரிசீவரின் சொந்த இரைச்சலைவிடப் பல மடங்கு பெரியது. மாட்டினாலும் கழற்றினாலும் ஒரே சத்தம் என்றால் ஒன்று செட்டின் முன்வாயில் (ஆன்டெனா சிக்னல் முதலில் நுழையும் பகுதி) போயிருக்கிறது, அல்லது கோஆக்ஸ் அறுந்திருக்கிறது. எது என்று தெரிய கோஆக்ஸுக்குப் பதிலாகச் சில மீட்டர் சாதாரண வயரை ஆன்டெனா சாக்கெட்டின் நடுத்துளையில் செருகிப் பாருங்கள். இரைச்சல் ஏறினால் செட்டுக்கு ஒன்றும் இல்லை, தப்பு வெளியே. ஏறவில்லையென்றால் தப்பு உள்ளே.

உள்ளே என்று தெரிந்தபின் மூடியைத் திறக்காமலே இன்னும் கொஞ்ச தூரம் போகலாம். சிக்னலைப் பெருக்கும் பிரீஆம்ப்பை அணைத்துப் பாருங்கள். அணைத்ததும் சிக்னல் வந்தால் போனது பிரீஆம்ப் மட்டும். சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டரைப் போட்டு எடுங்கள். உள்ளே ஆன்டெனாவைச் செட்டுக்குப் பொருத்தும் டியூனர் இருந்தால் அதை விலக்குங்கள். இரண்டாவது ஆன்டெனா சாக்கெட் இருந்தால் அதில் மாட்டுங்கள். அங்கே கேட்டால் ஆன்டெனா தேர்வு ரிலேயில்தான் கோளாறு. அப்புறம் ஒவ்வொரு பேண்டாக (அலைவரிசைத் தொகுதியாக) மாற்றிப் பாருங்கள். சில பேண்டுகளில் மட்டும் செவிடு என்றால், அந்த ஃபில்டரைத் தேர்வு செய்யும் சிறு ஸ்விட்சிங் டயோடுகளைச் சந்தேகிக்கலாம். எல்லாப் பேண்டிலும் செவிடு என்றால் அதற்கு முன்னால் உள்ள பொதுவழியில் தேட வேண்டும்.

கடைசியாக ஒன்று. டம்மி லோடை மாட்டி, குறைந்த பவரில் ஒரு நொடி மைக்கை அழுத்தி விடுங்கள். அதன் பிறகு திடீரென்று கேட்க ஆரம்பித்து, சற்று நேரத்தில் மறுபடி மங்கினால், அனுப்புவதற்கும் கேட்பதற்கும் இடையே மாற்றும் ரிலேயின் முனைகள் கருகியிருக்கின்றன. சில பழைய செட்டுகளில் ரிசீவர் வழியில் சிறு பல்பு ஒன்றையே ஃபியூஸ் மாதிரி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட செட் என்றால் வேறு எதையும் தொடுமுன் அந்தப் பல்பைப் பாருங்கள்.

உள்ளே இருக்கும் டயோடு, டிரான்சிஸ்டரெல்லாம் அரிசிமணியைவிடச் சிறியவை. சர்ஃபேஸ் மவுன்ட் சால்டரிங் பழகாதவர் கைவைத்தால் போர்டின் செம்புத் தடம் கிளம்பிவிடும். எந்தப் பாகம் என்று கண்டுபிடிப்பதோடு நிறுத்திக்கொண்டு பழகியவரிடம் கொடுப்பது நல்லது.

முன்வாயில் செவிடானது என்றால் இடி வந்த வழி ஆன்டெனா கோஆக்ஸ்.

கேட்கிறது, அனுப்பினால் எஸ்டபிள்யூஆர் எகிறுகிறது

எஸ்டபிள்யூஆர் என்பது அனுப்பிய பவரில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் விகிதம், 1:1 என்றால் எதுவும் திரும்பவில்லை. டம்மி லோடில் எஸ்டபிள்யூஆர் 1:1, முழு பவர் வருகிறதா? வந்தால் செட்டை மேஜையில் விட்டுவிட்டு மாடிக்குப் போங்கள். டம்மி லோடிலேயே பவர் வரவில்லையென்றால் பவரைக் கூட்டும் டிரைவர் அல்லது கடைசி டிரான்சிஸ்டர்கள் போயிருக்கும். அது கடை வேலை.

மாடியில் முதலில் கோஆக்ஸையும் ஆன்டெனாவையும் இணைக்கும் பேலனைப் பாருங்கள். பெட்டி விரிந்திருக்கிறதா, உள்ளே கரி இருக்கிறதா? பிறகு கோஆக்ஸ். ஒரு முனையைத் திறந்தபடி விட்டு மறுமுனையில் மல்டிமீட்டரில் அளந்தால் நடுக்கம்பிக்கும் மேல்வலைக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது. தூரமுனையை ஷார்ட் செய்தால் ஓரிரு ஓமுக்குள் காட்ட வேண்டும். ஆன்டெனாவோடு சேர்த்து அளக்கும்போது ஷார்ட் காட்டினால் பதற வேண்டாம்: காமா மேட்ச் யாகி, மடிப்பு டைபோல், வோல்ட்டேஜ் பேலன் இவற்றில் நேர்மின்னோட்டத்துக்கு ஷார்ட் காட்டுவதுதான் இயல்பு.

மல்டிமீட்டர் கண்டுபிடிக்காத பழுது ஒன்று உண்டு. மின்னல் கோஆக்ஸின் உள்காப்பில் ஊசித்துளை போட்டிருக்கும். அதன் வழியே மழைநீர் இறங்கி, வலை கறுத்து, கேபிள் சிக்னலைத் தின்ன ஆரம்பிக்கும். இதற்கு நானோ விஎன்ஏ போன்ற சிறு அனலைசர் வேண்டும். தூரமுனையைத் திறந்து விட்டு எஸ்டபிள்யூஆர் பாருங்கள். கேபிள் நல்லதாக இருந்தால் எஸ்டபிள்யூஆர் மிக மோசமாகக் காட்டும், போன சிக்னல் முழுதாகத் திரும்பி வருவதால். திறந்த முனையோடு 2:1, 3:1 என்று 'நல்ல' எண் காட்டினால் கேபிள் கெட்டுவிட்டது. இதையே செட்டை வைத்துச் செய்து பார்க்காதீர்கள், கடைசி டிரான்சிஸ்டர்கள் போய்விடும். இன்னொன்று, அனலைசரை மாட்டுவதற்கு முன் கோஆக்ஸின் நடுக்கம்பியையும் வலையையும் ஒருமுறை ஷார்ட் செய்யுங்கள். ஆன்டெனாவில் தேங்கியிருக்கும் மின்னூட்டம் அனலைசரின் உள்வாயிலைத் தீர்த்துவிடும்.

உவரி, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் இடியைக் குற்றம் சொல்லும் முன் கோஆக்ஸ் முனையில் இருக்கும் பிஎல் 259 கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்த கனெக்டரும் இதே அறிகுறியைத்தான் காட்டும்.

கையால் எல்லாம் வேலை செய்கிறது, கணினியோடு மட்டும் பேசவில்லை

யூஎஸ்பி கேபிளை மாற்றிப் பாருங்கள், வேறு கணினியில் மாட்டிப் பாருங்கள். எதிலும் செட்டைக் காணோம் என்றால் செட்டுக்குள் இருக்கும் யூஎஸ்பி சிப் போய்விட்டது. கணினியின் லேன் போர்ட்டோ ரவுட்டரின் ஒரு போர்ட்டோ அதோடு சேர்ந்து செத்திருக்கும்.

செலவில் சிறிய பழுது, ஆனால் இது சொல்லும் சேதி பெரிது. ஆன்டெனாவுக்கென்று நீங்கள் தோட்டத்தில் தனியாக ஒரு எர்த் குழி போட்டிருப்பீர்கள். வீட்டு வயரிங்குக்கு வாசல் பக்கம் வேறு எர்த். மின்னல் விழும் நொடியில் இந்த இரண்டு மண்ணும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்காது. வித்தியாசம் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும். கோஆக்ஸின் மேல்வலை, செட்டின் உடம்பு, யூஎஸ்பி வயர், கணினி, மூணு பின் பிளக் என்று ஒரு பாலம் தயாராக இருந்தால் அதில் ஓடாமல் என்ன செய்யும்? "ரேடியோவுக்குத் தனி எர்த் போட்டிருக்கேன்" என்று பெருமையாகச் சொல்பவர் வீட்டில்தான் இந்தப் பழுது அதிகம்.

இடிக்குப் பிறகு ஓயாத இரைச்சல்

செட்டைப் பேட்டரியில் ஓட்டி, வீட்டின் மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் அணைக்க மறக்காதீர்கள். இரைச்சல் நின்றால் காரணம் வீட்டுக்குள். ஒவ்வொரு எம்சிபியாக ஏற்றிக்கொண்டே வந்தால் எந்த எல்இடி பல்பு, எந்தச் சார்ஜர் என்று பிடித்துவிடலாம். அடிபட்ட ஃபில்டரோடு எரிந்துகொண்டிருக்கும். நிற்கவில்லையென்றால் கனெக்டர்களை லேசாக அசைத்துப் பாருங்கள். அதிலும் மாற்றம் இல்லையென்றால் தெருவில் இன்சுலேட்டர் விரிசல் விட்டிருக்கலாம். கையடக்க ரேடியோவில் மீடியம் வேவில் காலியான இடத்தை வைத்துக்கொண்டு கம்பங்களை ஒட்டி நடந்தால் ஒரு கம்பத்தருகே கரகரப்பு உச்சத்துக்குப் போகும். கம்பத்தையோ ஸ்டே கம்பியையோ தொடாமல், கம்ப எண்ணைக் குறித்து மின்வாரியத்தில் சொல்லுங்கள்.

இடியே இல்லை, ஆனாலும் செட் செவிடானது

ஆனி, ஆடிக் காற்றுதான். புழுதியும் தேரி (செம்மணல் மேடு) மணலும் கலந்து அடிக்கும் காற்று நீளமான கம்பி ஆன்டெனாவில் மின்னூட்டத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். கழற்றி வைத்த கனெக்டரில் டிக் டிக் என்று பொறி பறப்பதை இருட்டில் பார்க்கலாம். அது செட்டுக்குள் பறந்தால் முன்வாயில் டயோடு போகும். ஆன்டெனா முனைகளுக்குக் குறுக்கே 1 லட்சம் ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டுவிட்டால் மின்னூட்டம் தேங்காமல் கசிந்துவிடும். 50 ஓம் வழியில் அது இருப்பதே தெரியாது.

சாதாரண ரேடியோவும் டிஷ்ஷும்

பேட்டரியில் பாடி, கரண்டில் பாடாத ரேடியோவுக்கு அடாப்டரை மாற்றுங்கள். மீடியம் வேவ் கேட்டு எஃப்எம் மட்டும் கேட்கவில்லையென்றால், நீட்டுக் கம்பி ஆன்டெனா வழியாக எஃப்எம் முன்வாயில் அடிபட்டிருக்கிறது. மீடியம் வேவுக்கு உள்ளேயே ஃபெரைட் தண்டு இருப்பதால் அது தப்பிவிட்டது. டிஷ்ஷில் 'சிக்னல் இல்லை' என்று வந்தால் பெட்டியின் பின்புற சாக்கெட்டில் 13 அல்லது 18 வோல்ட் வருகிறதா என்று அளங்கள். வந்தால் மாடியில் டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்என்பி போயிருக்கும், வராவிட்டால் பெட்டியே போயிருக்கும்.

வழியை அடைப்பது

மலிவானது கழற்றி வைப்பதுதான். அதையும் முழுதாகச் செய்ய வேண்டும். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கரண்டையும் லேனையும் விட்டுவைத்தால் பாதி வழி திறந்தே இருக்கிறது. கழற்றிய கோஆக்ஸ் முனை அறைக்குள் தொங்கக் கூடாது, சுவருக்கு வெளியே இருக்க வேண்டும். அதைக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் போட்டு வைக்கும் பழைய வழக்கத்தால் பயனில்லை. மேகத்திலிருந்து மண் வரை காற்றைத் தாண்டி வந்த மின்சாரம் பாட்டிலின் வாயைத் தாண்டத் தயங்காது. இடி கேட்க ஆரம்பித்த பிறகு கழற்றப் போகாதீர்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி ஆகும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடி இருந்தாலே மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் தலைக்கு மேலேயே விழலாம். மீடியம் வேவில் காலி இடத்தில் 'படபட' என்று வெடிப்பு கூடிக்கொண்டே வருவது நல்ல முன்னறிவிப்பு. புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலியும் பக்கத்தில் மின்னல் விழுவதைக் காட்டும்.

வேலைக்குப் போய்விடுகிற வீட்டில் கழற்றுவதை நம்பிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு ஒரே நுழைவாயில் வேண்டும். எல்லா கோஆக்ஸும் ஒரே இடத்தில், ஒரு செம்பு அல்லது அலுமினியத் தகட்டின் வழியாகவே வீட்டுக்குள் நுழையட்டும். மிகை மின்னழுத்தம் வந்தால் அதை மண்ணுக்குத் திருப்பிவிடும் வாயுக் குழாய் அரெஸ்டர்களை அந்தத் தகட்டில் பொருத்துங்கள். தகட்டுக்கு நேர் கீழே எர்த் ராடு. அந்த ராடை வீட்டு வயரிங்கின் எர்த்தோடு 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியால் வெளிப்பக்கமாகவே இணைத்துவிடுங்கள். இந்த இணைப்புதான் உயிர்நாடி. எல்லா எர்த்தும் ஒன்றாகிவிட்டால் வீடு மொத்தமும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கும். செட்டின் குறுக்கே பாய வித்தியாசம் இருக்காது. டிபி பெட்டியில் (வீட்டின் மின் பகிர்வுப் பெட்டி) ஒரு எஸ்பிடி (கரண்ட் வயரில் வரும் மிகை மின்னழுத்தத்தைத் தடுக்கும் சாதனம்) வைத்து அதையும் இதே எர்த்தில் சேருங்கள். இன்டர்நெட்டை வைஃபையில் எடுப்பது நல்லது. ஃபைபர் வந்துவிட்டது, பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள், தெருவில் தொங்கும் ஃபைபர் கேபிளில் தாங்குவதற்கென்று எஃகுக் கம்பி இருக்கும்.

எர்த் கம்பி குட்டையாக, அகலமாக, வளைவில்லாமல் இறங்க வேண்டும். ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. ஒரு மைக்ரோ விநாடியில் 10,000 ஆம்பியர் ஏறினால் ஒவ்வொரு மீட்டரிலும் 10,000 வோல்ட் நிற்கும். மாடி அறையிலிருந்து சுற்றிச் சுற்றி இறங்கும் மெல்லிய பச்சை வயர் கரண்ட் ஷாக்குக்குக் காவல், மின்னலுக்கு இல்லை. கோபுரக் கலசம் ஊரையே இடியிலிருந்து காக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கும் இதே பதில்தான்: கலசத்திலிருந்து மண்ணுக்குக் கம்பி இறங்காத வரை அது இடிதாங்கி ஆகாது.

மண்ணையும் பாருங்கள். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலிலும் தாமிரபரணி வயற்காட்டு ஈரத்திலும் ராடு அடித்தால் எளிதில் எர்த் கிடைக்கும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலிலும், பாபநாசம், களக்காடு போன்ற மலையடிவாரப் பாறையிலும் ஒரு ராடு போதாது. ராடின் நீளத்தைப்போல் இரு மடங்கு இடைவெளி விட்டுப் பல ராடுகள் அடித்து இணைக்க வேண்டும், பாறையாக இருந்தால் செம்புப் பட்டையைக் கிடைமட்டமாகப் புதைத்து நீட்ட வேண்டும். கரி, உப்பு போட்ட குழி மழைக்காலத்தில் பிரமாதமாக இருக்கும். கோடை இடிக்கு முன் காய்ந்து கிடக்கும், தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்பு ராடையும் அரிக்கும். செம்புப் பட்டை வெளியே தெரிந்தால் களவுபோகும் ஊரென்றால் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையைக் கொஞ்சம் அகலமாகப் போடலாம்.

அரெஸ்டரில் இருக்கும் வாயுக் குழாய்க்கு மின்னழுத்த அளவு உண்டு. 100 வாட் செட்டில் 50 ஓம் வழியில் உச்சம் 100 வோல்ட். எஸ்டபிள்யூஆர் மோசமானால் அது இரட்டிப்பாகக்கூடும். 90 வோல்ட் குழாய் போட்டால் நீங்கள் பேசும்போதே அது பற்றிக்கொள்ளும், 230 அல்லது 350 வோல்ட் குழாய் போடுங்கள். பலத்த அடி வாங்கிய குழாய் சில நேரம் நிரந்தரமாக ஷார்ட் ஆகிவிடும். உடனே எஸ்டபிள்யூஆர் காட்டிக்கொடுத்துவிடும். சில நேரம் வாயு கசிந்து சும்மா இருக்கும், அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் இடி விழுந்த பருவம் முடிந்ததும், மீட்டரில் நல்லதாகத் தெரிந்தாலும், குழாயை மாற்றிவிடுங்கள்.